கிட்டார் ஆப்பில் ரிதம்: முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள்

கேள்வி: ஐபோனில் கராஜ்பேண்ட் என்ற இசை ஆப்பை வைத்து இசை பழகுகிறேன். தானாகவே கிட்டார் வாசிக்கும் ஆட்டோபிளேயில் இருக்கும் நாலு பேட்டர்னும் அலுத்துவிட்டன. நானே கிட்டாரை மீட்டிப் பதிவு செய்தால் தாளம் பிந்துகிறது. பியானோவையும் சேர்த்தால் ஒரே இரைச்சல். என்ன செய்யலாம்?

பதில்: ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டா வாசிக்கிறீர்கள்? அப்படியென்றால் பிந்துவது உங்கள் கை இல்லை. ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர 100 முதல் 200 மில்லி செகண்ட் ஆகலாம். 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், ஒரு பீட் 500 மில்லி செகண்ட், அதில் கால் பங்கு 125. ஒரு பீட்டுக்குள் 'தகதிமி' சொன்னால் அதில் ஒரு எழுத்தே தள்ளிப்போகிற அளவு இது. வயர் ஹெட்போனுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் போன் ஸ்பீக்கரே போதும்.

சரி, பேட்டர்னுக்கு வருவோம். திரையைத் தொடும் முன் அதை வாயால் சொல்லுங்கள். ரிதம் கட்ட 'தகதிமி' போன்ற நம் சொற்கட்டைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. 4/4 தாளத்தில் ஒரு பார், அதாவது ஒரு சுற்று, நாலு பீட்; அதாவது எட்டு அரை பீட்டுகள். 'தகதிமி தகதிமி' என்றால் நேர் நடை. அதே எட்டை 'தகிட தகிட தக' என்று 3+3+2 ஆகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கார்டைத் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தட்டுங்கள். அதாவது 1, 4, 7. பீட்டைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் நேராகப் போய்க்கொண்டிருக்க, கிட்டார் அதன் மேல் துள்ளும். ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு இந்த ஒன்றையே பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள், விட மனசு வராது.

'தகிட தகிட' என்று மட்டுமே ஓடும் பாட்டு என்றால் அது 6/8. பதிவைத் தொடங்கும் முன்பே பாடல் அமைப்பில் டைம் சிக்னேச்சரை (4/4, 6/8 என்ற தாள அளவு) மாற்றிவிடுங்கள்.

மீட்டலுக்கு இன்னொரு பேட்டர்ன்: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். இதில் மூன்றாவது பீட்டில் கீழ்வீச்சு இல்லை. அந்த இடத்தில் விரலை நிறுத்திவிடாதீர்கள். திரையைத் தொடாமல் காற்றில் கீழே இறக்குங்கள். நிறுத்தினால் அடுத்த மேல்வீச்சு கட்டாயம் பிந்தும்.

பியானோ இரைச்சலாவதற்குக் காரணம், கிட்டார் வாசிக்கும் இடத்திலேயே அதுவும் வாசிப்பதுதான். 3+3+2-இல் கிட்டார் 1, 4, 7-ஐ எடுத்துக்கொண்டது. பியானோவுக்கு 3, 6 கொடுங்கள். முழு கார்டு வேண்டாம், ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே இரண்டு சுரம் போதும்.

விரல் வேகத்துக்கு வரவில்லையென்றால் டெம்போவை 70-க்கு இறக்கிப் பதிவு செய்து, பிறகு 100-க்கு ஏற்றுங்கள். தொடுதிரைக் கருவிகளில் வாசித்தது புதிய வேகத்துக்குத் தானே மாறும், சுருதி மாறாது.

பிசகிய சுரங்களைத் தாளப் புள்ளிக்குத் தானே இழுத்துவிடும் குவாண்டைசேஷனைப் பியானோவுக்குத் தாராளமாகப் போடலாம். மீட்டிய கிட்டாருக்குப் போடாதீர்கள். மீட்டும்போது கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்கு இழுத்தால் கட்டை தட்டியது போலாகிவிடும். பிசகியது ஒன்றிரண்டு வீச்சுதான் என்றால், அந்த இரண்டு பாரை மட்டும் திரும்ப வாசித்துவிடுங்கள்.