அம்மாவின் கடிதங்களை ஒட்டலாமா?

வணக்கம் ஐயா,

அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் எனக்கு எழுதிய கடிதங்களும் நாற்பது பழைய புகைப்படங்களும் என்னிடம் இருக்கின்றன. என் கையாலேயே ஆல்பம் செய்து தம்பிக்கும் தங்கைக்கும் ஆளுக்கொன்று தர ஆசை. கடிதங்களை லேமினேட் செய்து, படங்களை அழகாக வெட்டி ஒட்டலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆல்பம் அவசியம் செய்யுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்டிக்கை அப்புறம் கடிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது.

படங்களையும் ஒட்டாதீர்கள். அப்பாவின் இளவயதுப் படம் ஒன்றை, பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் வைத்திருந்தோம். பல வருடம் கழித்து எடுத்தபோது பின்பக்கம் உரிந்துவிட்டது. அங்கே தாத்தா பென்சிலால் எழுதிவைத்திருந்த ஊரும் வருடமும் பசையோடு போயின. எனக்கு இன்றும் ஆறவில்லை.

வெட்டுவதும் ஒட்டுவதும் நகல்களில் நடக்கட்டும். மூன்று பேருக்கும் ஆல்பம் வேண்டுமென்றால் எப்படியும் நகல் எடுத்துத்தானே ஆகவேண்டும்? அசல் கடிதத்துக்குத் தாளையே உறையாக மடித்துப் பக்கத்தோடு தைத்துவிடுங்கள். வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம். அசல் படத்துக்குத் தாள் மூலைகள் போதும். 4 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள துண்டை எடுத்து, மேல்முனைகள் இரண்டையும் கீழ்விளிம்பின் நடுவுக்கு மடித்தால் ஒரு மூலை தயார். மடிப்புகள் இருக்கும் பக்கத்தில் பசை தடவி ஒட்டி, படத்தின் முனையை உள்ளே செருகுங்கள். படத்தில் பசை படாது.

தாள் வாங்கும்போது அமிலமற்ற தாள் என்று கேட்டு வாங்குங்கள். செய்தித்தாள் மஞ்சளாவது மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளால். அதிலிருந்து வரும் அமிலம் அருகில் இருக்கும் தாளையும் பழுப்பாக்கும். அம்மா தொடர்பான ரசீதோ பயணச்சீட்டோ வெப்பத்தாளில் (மையில்லாமல் சூட்டினால் எழுத்து பதியும் தாளில்) இருந்தால் இன்றே நகல் எடுத்துவிடுங்கள், அந்த எழுத்து தானாகவே மறைந்துவிடும்.

இதையெல்லாம்விட முக்கியம், படத்துக்குக் கீழே நீங்கள் எழுதப்போவது. ஒட்டுவதற்கு முன் தம்பியையும் தங்கையையும் உட்காரவைத்துக் கேளுங்கள். ஒரே நாளை மூவரும் மூன்று விதமாகச் சொல்வீர்கள். எது சரி என்று தீர்க்க வேண்டாம், மூன்றையும் அவரவர் கையெழுத்திலேயே எழுதுங்கள். யாரென்று தெரியாத முகத்தின் கீழே கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். சொந்தத்தில் மூத்தவர் யாராவது பார்த்ததும் சொல்லக்கூடும்.