ஐரிஷ் புரட்சியும் இணைந்து வாழ்ந்த பெண்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அயர்லாந்தின் 1916 ஈஸ்டர் எழுச்சியைப் பற்றிய தங்கள் கட்டுரையில், மருத்துவர் கேத்லீன் லின்னையும் மேடலின் ஃபிரெஞ்ச்-மல்லனையும் வாழ்க்கைத் துணைவியர் என்று எழுதியிருந்தீர்கள். மணமாகாத பெண்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே வீட்டில் வாழ்வது அக்காலத்தில் வழக்கம்தானே? பதில் சொல்ல முடியாமல் மறைந்துவிட்டவர்கள்மீது இன்றைய அடையாளத்தை நாம் ஏற்றலாமா? அது உண்மையே என்றாலும், நாட்டுக்காக அவர்கள் செய்ததற்கும் அவர்களுடைய அந்தரங்கத்துக்கும் என்ன தொடர்பு?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மறைந்தவர்கள்மீது எதையும் ஏற்றக் கூடாது என்ற உங்கள் கவலையை மதிக்கிறேன். அவர்களுடைய படுக்கையறையைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் டப்ளின் ராத்மைன்ஸ் பகுதியில், பெல்கிரேவ் சாலை 9ஆம் எண் வீட்டில், 1944இல் மேடலின் இறக்கும்வரை ஏறக்குறைய 30 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். வீட்டு வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள அத்தனை ஆண்டுகள் தேவையில்லை, அதிலும் ஒருவர் மருத்துவராக இருக்கும்போது.

வெளிப்படையான ஆவணம் ஏன் குறைவு என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1885ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத் திருத்தம் ஆண்களுக்கிடையிலான உறவை மட்டுமே குற்றமாக்கியது. ஆகவே ஆண்களைப் பற்றிக் காவல்துறைக் குறிப்புகளும் வழக்குக் கட்டுகளும் மிஞ்சின. எழுச்சிக்கு ஆயுதம் திரட்டியதற்காகத் தேசத்துரோகக் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட ரோஜர் கேஸ்மென்ட்டைத் தூக்கிலிருந்து காப்பாற்ற முயன்றவர்களின் வாயை அடைக்க, ஆண்களுடனான உறவுகளைச் சொல்லும் அவருடைய நாட்குறிப்பின் பக்கங்களையே அரசு இரகசியமாகச் சுற்றுக்கு விட்டது. பெண்களை அந்தச் சட்டம் பொருட்படுத்தவே இல்லை. ஆகவே அவர்களுடைய உறவுகளை வீட்டு முகவரியிலும் கடிதத்திலும் கல்லறையிலும்தான் தேட வேண்டியிருக்கிறது. எழுச்சியில் பங்கெடுத்த எலிசபெத் ஓ'ஃபாரலும் ஜூலியா கிரெனனும் டப்ளின் கிளாஸ்னெவின் கல்லறையில் ஒன்றாகவே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அந்த ஓ'ஃபாரல்தான் 1916 ஏப்ரல் 29 அன்று குண்டுகள் பாய்ந்துகொண்டிருந்த மூர் தெருவில் வெள்ளைக் கொடியுடன் நடந்து சென்று சரணடையும் செய்தியைக் கொண்டுபோனவர். எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் பிரிட்டிஷ் ஜெனரல் லோவின் முன்னால் நிற்கும் புகழ்பெற்ற புகைப்படத்தில், பியர்ஸுக்குப் பின்னால் ஓ'ஃபாரலின் காலணியும் ஆடையின் விளிம்பும் மட்டும் தெரியும். பின்னர் அச்சான சில படிகளில் அவையும் அழிக்கப்பட்டன.

விடுதலைக்கும் அந்தரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்ற உங்கள் கேள்விதான் எனக்கு முக்கியமானது. எழுச்சியின் முதல் நாளே டப்ளின் நகர மண்டபத்தில் தளபதி ஷான் கானலி சுடப்பட்டு இறந்தபின், அங்கே மூத்த அதிகாரியாக எஞ்சியவர், எழுச்சியில் போரிட்ட தொழிலாளர் படையான ஐரிஷ் குடிமக்கள் படையின் தலைமை மருத்துவரான லின். சரணடைந்த பொறுப்பும் அவருடையதே. அதே வாரத்தில் மேடலின், செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் படைப்பிரிவின் முதலுதவிப் பணிக்குப் பொறுப்பாக இருந்தார். இருவரும் சிறையிலிருந்து மீண்டபின் 1919இல் சார்ல்மாண்ட் தெருவில் செயின்ட் அல்டன்ஸ் என்ற குழந்தைகள் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் காசநோயிலும் மடிந்துகொண்டிருந்த ஏழை டப்ளினுக்கு, பெண் மருத்துவர்களைக் கொண்டு நடந்த அந்த மருத்துவமனை, குடியரசு என்பது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம் என்றே நான் கருதுகிறேன். அதை அவர்கள் இருவரும் சேர்ந்து கட்டியெழுப்பினார்கள். அந்தச் சேர்க்கையை எடுத்துவிட்டு மருத்துவமனையின் கதையை மட்டும் எப்படிச் சொல்வது?

மார்கரெட் ஸ்கின்னிடரையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறந்த ஆசிரியை. குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்தவர். எழுச்சியில் மூன்று குண்டுகளைத் தாங்கிப் பிழைத்தவர். 1925இல் அவர் இராணுவ ஓய்வூதியம் கேட்டபோது, 'படைவீரர்' என்று சட்டம் குறிப்பிடுவது ஆண்களை மட்டுமே என்று காரணம் காட்டி மறுத்தார்கள். 1938இல்தான் அது கிடைத்தது. இறந்த வீரரின் மனைவிக்கு உதவித்தொகை தரத் தெரிந்த புதிய அரசுக்கு, உயிரோடு வந்து நின்ற பெண் போராளியை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. கணவனின் வருமானம் இல்லாத இத்தகைய வீடுகளைத்தான் அந்த மறுப்பு நேராகத் தாக்கியது. ஸ்கின்னிடர் ஆசிரியப் பணியில் உழைத்து, 1956இல் ஐரிஷ் தேசிய ஆசிரியர் சங்கத்தின் தலைவரானார். அவருடன் வாழ்ந்தவர், தாமும் புரட்சியில் பங்கெடுத்த நோரா ஓ'கீஃப்.

கவிஞர் ஈவா கோர்-பூத் எழுச்சியில் ஆயுதம் ஏந்தவில்லை. அவர் போரை எதிர்த்தவர். ஆனால் எழுச்சியில் போரிட்டு, மரண தண்டனை குறைக்கப்பட்டுச் சிறையில் கிடந்த தம் அக்கா கான்ஸ்டன்ஸ் மார்கீவிச்சைச் சந்தித்தும், கடிதங்கள் வழியாகவும் தாங்கி நின்றவர். 1896இல் இத்தாலியில் சந்தித்த எஸ்தர் ரோப்பருடன்தான் அவர் தம் வாழ்நாளின் எஞ்சிய முப்பது ஆண்டுகளைக் கழித்தார். கேஸ்மென்ட்டின் உயிருக்காக இருவரும் சேர்ந்தே போராடினார்கள். ஈவா 1926இலும் கான்ஸ்டன்ஸ் அதற்கடுத்த ஆண்டிலும் இறந்தபின், கான்ஸ்டன்ஸின் சிறைக் கடிதங்களை வாழ்க்கைக் குறிப்புடன் 1934இல் நூலாக வெளியிட்டவர் எஸ்தர். மார்கீவிச்சின் சிறை வாழ்க்கையை எழுதும் எவரும் இன்றும் அந்த நூலைத்தான் எடுத்தாளுகிறார்கள். அந்தக் கடிதங்கள் ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் கைக்கு எப்படி வந்தன என்று வாசகர் கேட்டால், ஈவாவும் எஸ்தரும் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லாமல் அதற்கு விடை தர முடியாது.