பதில்: டீச்சர்கள் ஒதுங்குறாங்க, அதட்டி வேலை வாங்கணுமா?

வணக்கம் சிஸ்டர். ப்ளே ஸ்கூல் பொறுப்புக்கு வந்து மூணு மாசம் ஆகுது, எதைக் கேட்டாலும் ஆறு டீச்சர்களும் "நீங்களே சொல்லிடுங்க மேடம்"னு ஒதுங்குறாங்க, பழைய மேடம் மாதிரி அதட்டணுமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு வேண்டாம். அதட்டலுக்குப் பழகினவங்க இப்படித்தான் கொஞ்ச நாள் வாய் திறக்க மாட்டாங்க.

உளவியலாளர் கர்ட் லெவினோட குழு, பத்து வயசுப் பையன்களை வேற வேற மாதிரி தலைவர்கள்கிட்ட விட்டுப் பார்த்த ஆய்வு 1939-ல வந்துச்சு. அதட்டுற தலைவர் வெளியே போனதும் வேலை படுத்துடுச்சு. கலந்து பேசுறவர் போனாலும் ஓடுச்சு. ஆனா கண்டுக்காம விட்ட குழுவுல வேலை குறைவாவும் மோசமாவும்தான் நடந்துச்சு. அதையும் மறந்துடாதீங்க.

ஒன்பது வருஷம் ஒரு மழலையர் பள்ளியை நடத்தின அனுபவத்துல சொல்றேன். குழந்தையை யார் கூட்டிட்டுப் போறது, பாத்ரூமுக்கு யார் துணை, எந்தக் குழந்தைக்கு எந்தச் சாப்பாடு ஆகாது, இதுல எல்லாம் ஓட்டெடுப்பே கிடையாது, உங்க பேச்சுதான். ஒருநாள், குழந்தையைக் கூட்டிட்டுப் போறவங்க பேர் எழுதின நோட்டுல பேர் இல்லைன்னு ஒரு சித்தப்பாகிட்ட ஆயாம்மா குழந்தையை விடல. அவர் கேட்ல நின்னு கத்தினார். நான் ஆயாம்மா பக்கத்துல போய் நின்னு, "அவங்க செஞ்சது சரி சார்"னேன். அதுக்கப்புறம் அந்த நோட்டைப் பார்க்காம யாருமே குழந்தையை அனுப்பினதில்லை.

வகுப்புக்குள்ள நடக்கிறதை அவங்களே முடிவு பண்ணட்டும். வாரத்துக்கு அரை மணி நேரம் தரையில உக்காந்து பாருங்க, குறிப்பெடுக்காதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஒரே ஒரு விஷயத்தை, தூங்குற நேரம்னு வெச்சுக்கோங்க, அவங்க கையில விடுங்க. முடிவு உங்களுக்குப் பிடிக்கலைன்னாலும் ஒரு மாசம் மாத்தாதீங்க. எப்படிப் போகுதுன்னு இங்கேயே எழுதுங்க.