ஆறு முக்கோணம் ஒட்டினால் ஆறாவது திண்மமா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஒரே அளவான ஆறு சமபக்க முக்கோணங்களைக் கெட்டி அட்டையில் வெட்டி ஒட்டி ஒரு திண்மம் செய்தாள். எல்லா முகமும் ஒன்றுபோல இருக்கிறது, எல்லா விளிம்பும் ஒரே நீளம். ‘ஒழுங்குத் திண்மங்கள்’ என்ற செயல்திட்டத்துக்குக் கொண்டுபோனாள். “ஒழுங்குத் திண்மம் ஐந்துதான், இது தப்பு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் ‘முகங்கள் அனைத்தும் சர்வசமமான ஒழுங்குப் பலகோணங்கள்’ என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. ஆய்லர் வாய்பாடும் (முனை − விளிம்பு + முகம் = 2) சரியாக வருகிறது. இதற்கிடையில் இணையத்தில் ஒருவர் ‘ஏழு பிளேட்டோ திண்மங்கள்’ என்று ஒரு செட் விற்கிறார். உண்மையில் ஐந்தா, ஆறா, ஏழா? அந்த செட்டை வாங்கலாமா?

பதில்: ஐந்துதான். பிளேட்டோ திண்மம் என்பது ஒழுங்குத் திண்மத்துக்கு இன்னொரு பெயர். செட் வேண்டாம். உங்கள் மகள் செய்தது ஒழுங்குத் திண்மம் இல்லை, ஆனால் அவள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. புத்தகம் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். புத்தகம்தான் பாதி வாக்கியத்தோடு நின்றுவிட்டது.

அந்த அட்டைத் திண்மத்தையும் ஒரு ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையிலும் எத்தனை முக்கோணங்கள் கூடுகின்றன என்று எண்ணி, அந்த எண்ணை அங்கேயே எழுதுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கூர்முனைகளில் 3 என்று வரும். இடுப்பைச் சுற்றியுள்ள மூன்று முனைகளில் 4 என்று வரும். அவ்வளவுதான் விஷயம். முகங்கள் ஒன்றுபோல இருந்தால் போதாது, ஒவ்வொரு முனையிலும் அதே எண்ணிக்கையில் முகங்கள் கூட வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் புத்தகம் விழுங்கிவிட்டது.

பேனா இல்லாமல் விரலாலும் பார்க்கலாம். இடுப்பில் ஓடும் மூன்று விளிம்புகள் மழுங்கலாக இருக்கும், அங்கே அட்டை சுமார் 141 டிகிரி விரிந்திருக்கிறது. கூர்முனையிலிருந்து இறங்கும் ஆறு விளிம்புகளும் கையைக் குத்தும், அங்கே 70.5 டிகிரிதான். விளிம்பு 10 செ.மீ. என்றால் கூர்முனைக்குக் கூர்முனை 16.3 செ.மீ. வரும். நடுப்புள்ளியிலிருந்து கூர்முனை 8.2 செ.மீ. தள்ளியிருக்கிறது, இடுப்பு முனை 5.8 செ.மீ.தான் தள்ளியிருக்கிறது. அதனால் எல்லா முனையும் தொடுகிற மாதிரி இதை ஒரு பந்துக்குள் வைக்கவே முடியாது. எட்டு முக்கோணங்களால் ஆன எண்முகியில் எந்த இரண்டு எதிர்முனைகளை அளந்தாலும் 14.1 செ.மீ.தான்.

எங்கள் கணக்கு ஆட்கள் சமச்சீர் என்று சொல்வது இந்த விளையாட்டைத்தான்: நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மகள் திண்மத்தைத் திருப்பி வைக்கட்டும். கண்ணைத் திறந்ததும் திருப்பினாளா இல்லையா என்று சொல்ல முடியாதபடி எத்தனை விதமாக வைக்கலாம்? முதலில் இருந்த நிலையையும் சேர்த்து நான்முகியை 12 விதமாக வைக்கலாம். கனசதுரமும் எண்முகியும் 24. பன்னிரண்டுமுகியும் இருபதுமுகியும் 60. உங்கள் மகளுடையது 6. கூர்முனை இருந்த இடத்துக்கு இடுப்பு முனையைக் கொண்டுவந்தால் உடனே பிடித்துவிடுவீர்கள்.

ஆய்லர் வாய்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முனை 5, விளிம்பு 9, முகம் 6. 5 − 9 + 6 = 2. சரிதான். ஆனால் செங்கல்லுக்கும் 2 வரும், கோணல்மாணலாகச் சீவிய பென்சில் துண்டுக்கும் 2 வரும். 1750-இல் ஆய்லர் கவனித்தது ஒழுங்குத் திண்மங்களைப் பற்றியது அல்ல, ஓட்டை இல்லாத பன்முகிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற உண்மை. அது சரியாக வந்தால் நீங்கள் எண்ணியதில் பிழை இல்லை என்று தெரியும், திண்மம் ஒழுங்கானதா என்பது தெரியாது. ‘முனை, விளிம்பு, முகம் எண்ணுக, வாய்பாட்டைச் சரிபார்க்க’ என்று வருஷா வருஷம் ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டுக் கேட்டு, அதுதான் ஒழுங்குக்கு அத்தாட்சி என்று பிள்ளைகளை நம்ப வைத்துவிட்டோம். ஒரு திண்மத்தையாவது கையில் கொடுத்துக் கேட்கிறோமா என்றால் கிடையாது.

சரி, ஐந்தோடு ஏன் நிற்கிறது? ஒரு முனையில் கூடும் கோணங்களின் மொத்தம் 360 டிகிரிக்குக் குறைவாக இருக்க வேண்டும், 360 ஆகிவிட்டால் அட்டை மடங்காமல் தட்டையாகப் படுத்துவிடும். 60 டிகிரி முக்கோணங்கள் மூன்று, நான்கு, ஐந்து கூடலாம். சதுரம் மூன்று. ஐங்கோணம் மூன்று. அறுகோணம் மூன்று சேர்ந்தாலே 360. ஆக ஐந்து வழிதான். இந்த நிரூபணம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் உங்கள் மகளின் திண்மத்தில் முனைகளின் மொத்தம் 180, 240. இரண்டுமே 360-க்குக் கீழே! நிரூபணம் அவளைத் தடுக்கவே இல்லை. ‘எல்லா முனையும் ஒன்றுபோல’ என்பதைச் சொல்லாமலே அது எடுத்துக்கொள்கிறது. இந்த வழுக்கல் புதிதும் அல்ல. பழைய கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட் தன் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் 13-ஆவது புத்தகத்தின் கடைசியில் இந்த ஐந்தைத் தவிர வேறில்லை என்று முடிக்கும்போது, சமமான ஒழுங்கு உருவங்களால் அடைபட்டது என்று மட்டும்தான் சொல்கிறார். எழுத்துக்கு எழுத்து எடுத்தால் உங்கள் மகளின் அட்டை அதற்குள் வந்துவிடும். யூக்ளிடுக்கே நேர்ந்தது என்று அந்த ஆசிரியரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும், எனக்குப் பிடித்த விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். முனைகளை எண்ணிப் பார்த்து எல்லாம் ஒன்று என்று வந்துவிட்டால் சமச்சீர் உறுதிதானே என்று கேட்பீர்கள். ஒரே வகை முகம் இருக்கும் வரை ஆமாம். இரண்டு வகை முகங்கள் கலந்தால் காலை வாரிவிடும். 18 சதுரமும் 8 முக்கோணமும் கொண்ட ஒரு திண்மம் இருக்கிறது, அதற்கு 24 முனைகள். எந்த முனையில் பார்த்தாலும் மூன்று சதுரம், ஒரு முக்கோணம். எட்டெட்டுச் சதுரங்களால் ஆன இடுப்புப்பட்டை மூன்று திசையிலும் ஓடும். ஒரு பட்டைக்கு மேலே உள்ள மூடியை மட்டும் கழற்றி, 45 டிகிரி திருகி, மறுபடி ஒட்டுங்கள். கச்சிதமாகப் பொருந்தும். இப்போதும் ஒவ்வொரு முனையிலும் மூன்று சதுரம், ஒரு முக்கோணம்தான். ஆனால் மூன்று பட்டைகளில் இரண்டு அறுந்துபோய் ஒன்றுதான் மிஞ்சும். மூடிகளில் உள்ள 8 முனைகளையும் இடுப்பில் உள்ள 16 முனைகளையும் இனி ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்ற முடியாது. 24 விதமாகத் திருப்ப முடிந்தது 8 ஆகக் குறைந்துவிடுகிறது. ஜே.சி.பி. மில்லர் என்ற கணிதவியலாளர் 1930-ஐ ஒட்டி இதைக் கண்டுபிடித்த கதை உங்கள் மகளுக்குப் பிடிக்கும்: முதல் வகையை அட்டையில் செய்யப் போய், மூடியை மாற்றி ஒட்டிவிட்டார். ஒட்டும்போது நேர்ந்த பிழையிலிருந்து வந்த திண்மம் அது. ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஒழுங்குப் பலகோணங்கள் கலந்து, எல்லா முனையும் ஒன்றுபோல இருக்கிற ஆர்க்கிமிடீஸின் திண்மங்கள் 13-ஆ 14-ஆ என்ற சண்டைக்குக் காரணமே இதுதான். ஒவ்வொரு முனையும் ஒன்றுபோலத் தெரிந்தால் போதும் என்றால் 14, முழுத் திண்மத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றால் 13. இரண்டையும் குழப்பி எழுதிய புத்தகங்கள் நிறைய உண்டு.

இனி அந்த ஏழு. இந்த மாதிரி செட்டுகளில் ஐந்து நிஜமான திண்மங்களோடு வழக்கமாக ஒரு கோளமும், ‘மெர்க்கபா’ என்ற நட்சத்திரமும் சேர்ந்து வரும். கோளத்துக்கு முகமே கிடையாது. நட்சத்திரம் என்பது ஒன்றுக்குள் ஒன்று பாய்ந்த இரண்டு நான்முகிகள், கெப்லர் நன்றாகவே அறிந்த உருவம்தான், ஆனால் பிளேட்டோ திண்மம் அல்ல. நெருப்புக்கு நான்முகி, மண்ணுக்குக் கனசதுரம் என்று பிளேட்டோ எழுதியது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு ஆற்றல், அதிர்வு, தியானம் என்று ஒரு வியாபாரமே நடக்கிறது. போதாததற்குக் கல்லைப் பளபளப்பாகத் தேய்க்கிற வேகத்தில் விளிம்புகள் கோணலாகி, பன்னிரண்டுமுகியின் ஐங்கோணங்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவில் இருக்கும். கணக்குக் கற்க அதைவிட மோசமான பொருள் இல்லை. செயல்திட்டத்தையே ஆயத்தமாகச் செய்து தருகிறேன் என்று வருகிறவர்களையும் அண்டவிடாதீர்கள். எண்ணாத பிள்ளைக்கு 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் கடைசிவரை தெரியாது.

மகள் அதே அட்டையைத் திரும்பக் கொண்டுபோகட்டும், முனைகளில் எழுதிய எண்களோடு. பக்கத்தில் எண்முகியை வைத்து அதற்கும் 4, 4, 4 என்று எழுதட்டும். தலைப்பை மட்டும் ‘சமபக்க முக்கோணங்களால் ஆன திண்மங்கள்’ என்று மாற்றினால் போதும். உட்குழிவு இல்லாமல் அப்படிச் செய்யக்கூடியவை மொத்தம் எட்டு: 4, 6, 8, 10, 12, 14, 16, 20 முக்கோணங்கள் கொண்டவை. ஃப்ராய்டென்தால், வான் டெர் வேர்டன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1947-இல் இதை நிரூபித்தார்கள். 18 மட்டும் கிடையாது. அதற்கு 11 முனைகள் வேண்டும், ஒன்றில் 4 முக்கோணமும் மற்ற பத்திலும் 5 முக்கோணமும் கூட வேண்டும், அப்படி ஒரு இணைப்பே அமையாது. யாராவது 18-க்கு வெட்டி ஒட்டும் படம் கொடுத்தால், ஒட்டி முடிக்கும்போது ஒன்று எங்கோ உள்வாங்கும், இல்லையென்றால் இரண்டு முக்கோணங்கள் ஒரே தளத்தில் படுத்துவிடும். பசைதான் வீண்.