முதல் தடவை தாய்லாந்துச் சாப்பாடு: என்ன சொல்லி வாங்குவது?

பாங்காக்கில் குடும்பத்தோடு இருக்கிறேன். வீட்டில் சாம்பார், வெளியே போனால் தெருக்கடை என்று நாக்கு இரண்டுக்கும் பழகிவிட்டது. ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். அதனால் கேள்விகளை மொத்தமாக அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நானும் கணவரும் அடுத்த மாதம் பாங்காக் வருகிறோம். இருவரும் அசைவம். இறங்கியதும் டோம் யாம் சூப்தான் குடிக்க வேண்டும் என்று அவர் நிற்கிறார். சரிதானா?

முதல் வேளைக்கு வேண்டாம். டோம் யாம் நல்ல சாப்பாடுதான், ஆனால் அது சோற்றோடு, மற்ற பதார்த்தங்களோடு சேர்ந்து வருவது. வெறும் வயிற்றில் சூப்பாகக் குடித்தால் புளிப்பும் காரமும் தொண்டையில் அடிக்கும், "இவ்வளவுதானா" என்று தோன்றிவிடும்.

முதலில் பட் க்ரபாவ் காய் வாங்குங்கள். இங்கே காய் என்றால் கோழி. கொத்துக்கோழியைப் பூண்டு, மிளகாயோடு பெரிய தீயில் வதக்கி, இறக்கும் நேரத்தில் கை நிறையத் துளசி இலை போட்டு, சுடுசோற்றின் பக்கத்தில் வைத்துத் தருவார்கள். "கை டாவ்" என்று சேர்த்துச் சொன்னால் ஓரம் முறுகலாகப் பொரித்த முட்டை மேலே வரும். மஞ்சள் கருவை உடைத்துச் சோற்றோடு பிசையுங்கள், காரம் பாதி அடங்கிவிடும். அலுவலகத்துக்குப் போகிறவர்கள் மதியம் என்ன சாப்பிடுவது என்று தோன்றாதபோது வாங்குவது இதைத்தான். எந்த முக்கிலும் கிடைக்கும். சாதாரணக் கடையில் 50 முதல் 70 பாட் ஆகும்.

நமக்கு இது சுலபமாகப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. சோறு இருக்கிறது, பூண்டு வாசம் இருக்கிறது, மீன் சாஸ் பின்னால் ஒளிந்து நிற்கிறது.

கேள்வி: துளசியா? பெருமாள் கோயில் துளசியைக் கோழியோடா?

அதே இனச் செடிதான், வகை கொஞ்சம் வேறு. மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். பட் கிங் காய் வாங்குங்கள். நீளமாகச் சீவிய இஞ்சி நிறையப் போட்டு வதக்கிய கோழி. அல்லது முந்திரிப்பருப்புப் போட்ட கோழி வதக்கல், அது லேசாக இனிக்கும்.

கேள்வி: நான் குண்டூர் மிளகாய் தின்று வளர்ந்தவன். காரமாகவே போடச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள் தம்பி. காரம் தாங்குவேன் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் சோம் தம் தட்டின் முன்னால் கண்ணீர் விடுவதைப் பார்த்திருக்கிறேன். நம் காரம் பெரும்பாலும் வற்றல் காரம். வறுத்து, அரைத்து, எண்ணெயில் கொதித்து, புளியோடும் தேங்காயோடும் ஆறியது. சோம் தம் என்பது பச்சைப் பப்பாளியைச் சீவி உரலில் இடிக்கிற சாலட். அதில் விழுவது நம் காந்தாரி மாதிரிச் சின்ன மிளகாய், பச்சையாகவே. எண்ணெய் கிடையாது, வேகவைப்பது கிடையாது. மேலே எலுமிச்சைச் சாறு வேறு.

கடைக்காரம்மா உரலைக் கையில் எடுக்கும்போதே எத்தனை மிளகாய் என்று கேட்பார். ஒன்று என்று விரலைக் காட்டுங்கள். நன்றாக இருந்தால் அடுத்த முறை மூன்று.

இன்னொரு விஷயம். "சோம் தம் தாய்" என்று சொல்லி வாங்குங்கள். வேர்க்கடலையும் காய்ந்த இறாலும் போட்டு, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். வடகிழக்கே ஈசான் பகுதி மக்கள் சாப்பிடும் "பூ ப்ளா ரா" வகையில் ஊறவைத்துப் புளித்த மீனும் உப்பு நண்டும் விழும். எனக்கு அதுதான் உயிர், ஆனால் முதல் தடவைக்கு அல்ல. எந்த வகை வாங்கினாலும் கூடவே ஒட்டரிசியும் சுட்ட கோழியும் சொல்லுங்கள். ஒட்டரிசியைக் கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்பா அம்மா சுத்த சைவம், அம்மா வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார். பட்டினிதானா?

பட்டினி இல்லை. ஆனால் சாதாரணக் கடையில் "காய்கறி மட்டும்" என்று கேட்டு ஏமாறாதீர்கள். இறைச்சி போடமாட்டார்கள், மீன் சாஸ் போடுவார்கள், சிப்பி சாஸ் போடுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாம் உப்புப் போடுவதைப் போல அவர்கள் மீன் சாஸ் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான். பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு, மசமான் குழம்பு எல்லாவற்றிலும் அரைத்த மசாலாவிலேயே இறால் விழுது சேர்ந்திருக்கும். கோழிக்குப் பதில் டோஃபு போட்டாலும் அந்த மசாலா மாறாது.

நீங்கள் தேட வேண்டியது "ஜே" கடை. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. அந்தத் தாய்லாந்து எழுத்து நம் கண்ணுக்கு 17 என்று எழுதியது போலத் தெரியும். சீன வழி விரதச் சாப்பாடு அது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேராது. வெங்காயம், பூண்டும் விலக்கு என்பதால் உங்கள் அம்மாவுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கும். "கின் ஜே" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். ஒரே எச்சரிக்கை: சோயாவில் வாத்துக்கறி, பன்றிக்கறி மாதிரியே செய்து வைத்திருப்பார்கள். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அம்மா தட்டைப் பார்த்து எழுந்துவிடுவார்.

பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் ஜே திருவிழாவை ஒட்டி வாருங்கள். சீன நாள்காட்டியில் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள், பெரும்பாலும் அக்டோபரில் விழும். ஃபூகெட்டில் பெரிய விழா. பாங்காக்கில் சைனாடவுன் தெரு முழுக்க மஞ்சள் கொடிதான். நம் நவராத்திரியும் பல வருடங்களில் அதை ஒட்டியே வரும். சீலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் விஜயதசமி இரவு ஊர்வலம் புறப்படும். அம்மனையும் பார்க்கலாம், சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம்.

அப்படியும் சரிவரவில்லை என்றால் பாஹுராட் பக்கம் இந்திய சைவக் கடைகள் இருக்கின்றன.

கேள்வி: முட்டை சாப்பிடுவோம், பூண்டும் பரவாயில்லை. அப்போது?

அப்படியானால் வழி விரியும். "மங்சவிரட்" என்று சொல்லுங்கள், முட்டை சேர்த்த சைவம். "மாய் சாய் நாம் ப்ளா" என்றால் மீன் சாஸ் போடாதே. சோயா சாஸ் போட்டுத் தருவார்கள். வள்ளைக்கீரை வதக்கல் இப்படிக் கேட்டு வாங்கினால் அருமையாக இருக்கும், ஆனால் சிப்பி சாஸும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: டோம் யாமில் குச்சி குச்சியாக ஏதோ கிடந்தது. மென்று மென்று வாய் வலித்ததுதான் மிச்சம்.

மெல்லக் கூடாது! அவை எலுமிச்சைப்புல் தண்டு, பேரரத்தைத் துண்டு, மக்ரூட் எலுமிச்சையின் இலை. வாசத்துக்குப் போட்டவை, ஒதுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும். இறால், காளான் இரண்டையும் சாப்பிடலாம். தெளிந்த சாறு, பால் சேர்த்துக் கெட்டியானது என்று இரண்டு வகை உண்டு. பால் சேர்த்தது முதல் முறைக்கு மென்மை. இறால் போட்ட டோம் யாம் கூங் 2024-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. அதற்குப் பிறகு சுற்றுலாக் கடைகளில் விளம்பரம் தாங்கவில்லை.

புளிப்பு அவ்வளவாக ஆகாது என்றால் டோம் கா காய். அதே பேரரத்தை, கோழி, ஆனால் தேங்காய்ப்பால். என் மாமியாருக்கு முதல் வாயிலேயே பிடித்தது அதுதான்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். ஆளுக்கொரு தட்டு வாங்குவதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆளுக்கொரு தட்டு வாங்கினால் தாய்லாந்துச் சாப்பாட்டின் பாதி ருசி தெரியாமலே போய்விடும். பட் க்ரபாவ், நூடுல்ஸ் போன்றவை அவசரச் சாப்பாடு, தனித்தட்டு. உட்கார்ந்து சாப்பிடும்போது சோறு மட்டும்தான் ஆளுக்குத் தனி, மற்றதெல்லாம் நடுவில்.

நான்கு பேருக்கு நான் சொல்வது: தேங்காய்ப்பால் குழம்பு ஒன்று, புளிப்பான சூப்போ சாலடோ ஒன்று, கீரை வதக்கல் ஒன்று, காரமே இல்லாத ஒன்று. அந்தக் கடைசி ஆளாக முட்டை ஆம்லெட், "கை ஜியாவ்", இருக்கட்டும். எண்ணெயில் உப்பிப் பொரிந்து வரும். ஒன்று எரித்தால் மற்றொன்று அணைக்கும், அப்படித்தான் தாய்லாந்துக்காரர்கள் யோசித்து வாங்குகிறார்கள். நான்குமே காரமாகச் சொல்லிவிட்டு "எல்லாம் ஒரே மாதிரி" என்று குறைப்படுகிறவர்கள் நம் ஆட்கள்.

குழம்பில் எது? முதல் முறைக்கு மசமான். பட்டை, ஏலம், கிராம்பு, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை என்று முஸ்லிம் சமையலின் வாசம் அடிக்கும். நம் வீட்டுக் குருமாவுக்குத் தூரத்துச் சொந்தம். பச்சைக் குழம்பு அதைவிடக் காரம். அதில் பச்சைப் பட்டாணி போல உருண்டையாக மிதப்பது சுண்டைக்காய், பயப்படாமல் கடிக்கலாம். கசப்பு நமக்குப் புதிதில்லையே.

கையில் கரண்டி, முள்கரண்டி தருவார்கள். முள்கரண்டியால் தள்ளி, கரண்டியால் சாப்பிட வேண்டும். குச்சிகள் நூடுல்ஸுக்குத்தான்.

கேள்வி: பட் தாய் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?

தாராளமாகச் சாப்பிடுங்கள், முதல் இடம் மட்டும் கொடுக்க மாட்டேன். புளி, பனை வெல்லம், மீன் சாஸ் மூன்றும் சரியாக விழுந்தால் நன்றாக இருக்கும். சுற்றுலாத் தெருவில் பெரும்பாலும் வெல்லம் மட்டும்தான் விழுகிறது. எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவி, கலந்து சாப்பிடுங்கள். தட்டு ஓரத்தில் வைக்கும் பச்சை முளைப்பயறும் அதற்குத்தான்.

அது பழங்காலப் பாரம்பரியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நூடுல்ஸ் வதக்குவது சீனர்கள் கொண்டுவந்த வழக்கம். 1938 முதல் 1944 வரை பிரதமராக இருந்த பிபுன் சொங்க்ராம் காலத்தில் அரசே நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லிப் பிரச்சாரம் செய்தது. பட் தாய் தேசியச் சாப்பாடாக வளர்ந்தது அந்தக் காற்றில்தான்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம் குடும்பம். எப்படிச் சமாளிப்பது?

ஹலால் முத்திரை உள்ள கடையாகப் பாருங்கள். "காவ் மோக் காய்" கேளுங்கள், மஞ்சள் போட்ட கோழி பிரியாணி, புளிப்புக் காரச் சட்னியோடு வரும். தெற்கே போகப் போக இது எளிது. பாங்காக்கில் பாங் ரக் பகுதியில் ஹாரூன் மசூதியைச் சுற்றியுள்ள சந்துகளில் கிடைக்கும்.

முத்திரை இல்லாத கடையில் கோழி நூடுல்ஸ் சூப் கேட்டாலும் மேலே ஊற்றும் பூண்டெண்ணெய் பன்றிக் கொழுப்பில் காய்ச்சியதாக இருக்கலாம். பட் க்ரபாவிலும் இறைச்சியைச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் பன்றிதான் வரும். மூ என்றால் பன்றி, நுவா மாடு, காய் கோழி, கூங் இறால், ப்ளா மீன். இந்த ஐந்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத இந்துக்களுக்கும் இது உதவும். படகு நூடுல்ஸ் என்ற கறுத்த சூப்பில் ரத்தம் கலப்பார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பையனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை.

பட் தாய், சோம் தம், மசமான், சாத்தே (குச்சியில் குத்திச் சுட்டு வேர்க்கடலைச் சட்னியோடு தரும் இறைச்சி) நான்கும் வேண்டாம். தெருக்கடையில் ஒரே வாணலி, ஒரே உரல். சொல்லி வாங்கினாலும் துகள் ஒட்டும். வேர்க்கடலை ஆகாது என்று தாய்லாந்து மொழியில் எழுதிய அட்டையை டாக்டர் கொடுத்த மருந்தோடு கையில் வைத்திருங்கள். இதில் துணிச்சல் வேண்டாம்.

கேள்வி: குழந்தைகள் காரமே தொட மாட்டார்கள்.

காவ் மன் காய். கோழிச் சாற்றில் வேகவைத்த சோறு, வெந்த கோழி. காரச் சட்னி தனிக் கிண்ணத்தில் வரும், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸ் பிடிவாதம் என்றால் பட் சீ இவ். அகல நூடுல்ஸ், சோயா சாஸ், முட்டை, கீரை.

கேள்வி: சென்னையிலேயே ஒரு தாய்லாந்து உணவகத்தில் முதலில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பாருங்கள். பட் க்ரபாவ் என்று வாங்கிப் பார்த்து, துளசிக்குப் பதில் இத்தாலியச் சமையலில் போடுகிற பேசில் இலை வந்தால் கடையின் போக்கு தெரிந்துவிடும். துளசி தெருவுக்குத் தெரு விற்கிற ஊரில் அதற்குச் சாக்கு இல்லை. தாய்லாந்து வணிக அமைச்சகம் வெளிநாட்டு உணவகங்களுக்குத் "தாய் செலக்ட்" என்ற முத்திரை தருகிறது, வாசலில் அது இருந்தால் கொஞ்சம் நம்பலாம். ஊரில் என்றால் பச்சைக் குழம்பும் சோறும் பாதுகாப்பான தேர்வு. சோம் தம் மட்டும் இங்கே வந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: கடைசியாக இனிப்பு, குடிக்க?

ஏப்ரல், மே என்றால் மாம்பழமும் ஒட்டரிசியும், வேறு பேச்சில்லை. தேங்காய்ப்பாலில் ஊறிய சோற்றோடு மாம்பழமா என்று முகம் சுளிக்கிறவர்கள்தான் இரண்டாவது தட்டு கேட்பார்கள். மற்ற மாதங்களிலும் கிடைக்கும், பழம் சுமார்.

ஆரஞ்சு நிறத்தில் ஐஸ் போட்ட தேநீர் "சா யென்". கெட்டிப்பால் கலந்து தித்திக்கும், "வான் நோய்" என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். நீல நிறத்தில் விற்பது சங்குப்பூ. எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும், குழந்தைகளுக்கு வேடிக்கை.

தூரியன் வாங்கினால் கடையிலேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள். பெரும்பாலான ஓட்டல்களில் அறைக்குள் விடமாட்டார்கள், அபராதமும் போடுவார்கள்.