நேர்ப்பாதையில் ஸ்டீயரிங் உதறுகிறது, வளைவில் டயர் வழுக்குவது கைக்குத் தெரியவில்லை: ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் எதை மாற்ற வேண்டும்?

கணினிக் கார் பந்தய விளையாட்டில், ஸ்டீயரிங் கருவிக்குள் இருக்கும் மோட்டார் காரின் விசைகளைக் கைக்குக் கொடுப்பதுதான் ஃபோர்ஸ் ஃபீட்பேக். அதில் நீங்கள் சொல்லும் தொல்லைகள் இரண்டு. நேர்ப்பாதையில் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறுகிறது. வளைவுக்குள் போனதும் கல்லாகக் கனத்துவிடுகிறது, முன் டயர் வழுக்குவதும் தெரிவதில்லை. விளையாட்டில் கெயினை, அதாவது விசையின் மொத்த அளவை, 100-இல் வைத்து, அதுவும் போதாமல் ஸ்டீயரிங்கைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் மென்பொருளில் 120 வரை ஏற்றியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொல்லையின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நானும் ஏறக்குறைய ஓராண்டு இப்படித்தான் ஓட்டினேன். என்னுடையது, மோட்டாரின் விசை பல்சக்கரங்கள் வழியாகக் கைக்கு வரும் பல்சக்கர வகை ஸ்டீயரிங். அசெட்டோ கோர்சா என்ற பந்தய விளையாட்டில், இத்தாலியின் மோன்சா தடத்தின் கடைசி வளைவான பராபோலிகாவில், சுற்றுக்குச் சுற்று கார் வெளிப்பக்கமாக விலகிப் போகும். விலகப் போகிறது என்பதற்கு எந்த அறிகுறியும் கைக்கு வராது. சஸ்பென்ஷனை மாற்றினேன், டயரின் காற்றழுத்தத்தை மாற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு ஒருநாள் ‘பெடல்ஸ்’ என்ற சிறு கருவியைத் திரையில் திறந்து வைத்தேன். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் பட்டைகளின் பக்கத்தில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கென்று ஒரு சாம்பல் நிறப் பட்டை இருக்கும். பராபோலிகாவுக்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பியதுமே அது உச்சியில் முட்டிச் சிவந்தது. வளைவு முடியும்வரை சிவப்பு மாறவே இல்லை.

இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். விளையாட்டு கணக்கிடும் விசை மோட்டார் தரக்கூடிய உச்சத்தைத் தாண்டிவிட்டால், அதற்கு மேலுள்ள ஏற்ற இறக்கம் முழுவதும் வெட்டுப்பட்டு ஒரே கனமாகக் கைக்கு வருகிறது. பல்சக்கர, பெல்ட் வகை ஸ்டீயரிங்குகள் தருவது பெரும்பாலும் 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் (திருப்புவிசையின் அலகு) வரைதான். வேகமான வளைவில் ஒரு பந்தயக் காருக்குத் தேவைப்படும் விசை அதை எளிதாகத் தாண்டும்.

வெட்டுப்படும் அந்தப் பகுதியில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. வளைவில் டயரின் பக்கவாட்டு விசை, தரையைத் தொடும் பரப்பின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் செயல்படுகிறது; அதனால்தான் ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. டயர் தன் எல்லையை நெருங்க நெருங்க அந்த விசைப்புள்ளி முன்னே நகர்ந்துவிடும், திருப்புவிசையும் குறையும். பிடிப்பு முழுவதும் போவதற்கு முன்பே ஸ்டீயரிங் லேசாகத் தொடங்குவது இதனால்தான். நல்ல ஓட்டுநர் அந்த லேசாகும் கணத்துக்காகவே காத்திருக்கிறார். 100-க்கு மேல் முட்டி நிற்கும் விசை 140-லிருந்து 110-க்கு இறங்கினாலும் உங்கள் கைக்கு அது 100-தான்.

எனவே முதல் வேலையாக டிரைவர் மென்பொருளில் விசையை 100-க்குக் கொண்டுவாருங்கள். அங்கே கூடுதலாக ஏற்றினால் வெட்டு விளையாட்டுக்கு வெளியே நடக்கும். விளையாட்டின் பட்டை சாம்பலாகவே இருக்கும், கை மட்டும் ஏமாறும். அதே இடத்தில், ஸ்டீயரிங்கை எப்போதும் நடுவுக்கு இழுக்கும் சென்டரிங் ஸ்பிரிங்கையும் அணைத்துவிடுங்கள். காரின் இயற்பியலுக்குச் சம்பந்தமில்லாத செயற்கை இழுவை அது. சுழற்சிக் கோணம் 900 டிகிரியாக இருக்கட்டும். திரையில் தெரியும் ஸ்டீயரிங் உங்கள் கையோடு ஒத்துத் திரும்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நன்கு பழகிய ஒரே காரும் ஒரே தடமும் போதும். கெயினை ஐந்தைந்தாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு சுற்று ஓட்டுங்கள். எனக்கு 65-இல் பிடிபட்டது. பராபோலிகாவின் நடுவில், பிடித்திருந்த கனத்திலிருந்து ஏதோ நழுவுவதுபோல் ஸ்டீயரிங் விரல்களில் இளகியது. ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தினேன். கனம் திரும்பி வந்தது, காரும் கோட்டுக்குள் நின்றது. ஓராண்டாக அந்த வளைவு சொல்லிக்கொண்டிருந்ததை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். நடைபாதைக் கல் போன்ற ஓரத்திட்டுகளில் ஏறும்போது பட்டை ஒரு கணம் சிவந்தால் பரவாயில்லை, வளைவு முழுக்கச் சிவப்பாக நிற்கக் கூடாது. காருக்குக் கார் அளவு மாறும் என்பதால், ஓடும்போதே விசைப்பலகையின் எண் பகுதியிலுள்ள கூட்டல், கழித்தல் பொத்தான்களால் அந்தந்தக் காருக்குச் சரிசெய்துகொள்ளலாம். ஐரேசிங் என்ற இன்னொரு பந்தய விளையாட்டில் வேலை இன்னும் எளிது: சில சுற்றுகள் மோதாமல் ஓட்டிவிட்டு, எஃப் 9 பொத்தானால் திறக்கும் பெட்டியில் உள்ள ஆட்டோ பொத்தானை அழுத்தினால் காருக்கேற்ற அளவை அதுவே வைத்துக்கொள்ளும்.

இனி நேர்ப்பாதை உதறல். கெயின் குறைந்ததுமே பாதி அடங்கிவிடும். மீதிக்குப் பெரும்பாலும் மினிமம் ஃபோர்ஸ்தான் காரணம். பல்சக்கரத்தின் உராய்வு சிறிய விசைகளை விழுங்கிவிடுவதால், அவற்றைத் தூக்கிக் கொடுக்க வந்த அமைப்பு அது. அளவு மிஞ்சினால், நடுவில் விசை இடமிருந்து வலம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு உதை விழும். அதைப் பூஜ்யத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நடுவிலிருக்கும் தொய்வு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். மோட்டாரிலேயே நேரடியாகப் பொருத்திய டைரக்ட் டிரைவ் வகையானால் பூஜ்யத்திலேயே விட்டுவிடலாம். ஸ்டீயரிங்கின் அசைவை மந்தமாக்கும் டேம்பிங்கைக் கடைசியாகத் தொடுங்கள், அதுவும் கொஞ்சமாக. உதறலோடு சேர்த்து டயரின் செய்தியையும் அது மழுங்கடித்துவிடும். கைகளை எடுத்துவிட்டுச் சோதிப்பதும் சரியான சோதனை ஆகாது. நிஜக் காரிலும் ஓட்டுநரின் கைகளே ஒரு பகுதி அதிர்வை அடக்குகின்றன.

ரோடு எஃபெக்ட், ஸ்லிப் எஃபெக்ட் போன்று விளையாட்டு செயற்கையாகச் சேர்க்கும் அதிர்வுகளை இந்த வேலை முடியும்வரை பூஜ்யத்தில் வையுங்கள். நான் பிறகும் அவற்றைத் திரும்பப் போடவில்லை.

இத்தனைக்குப் பிறகும் உதறல் நிற்கவில்லை என்றால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு எதிர்ப்பே இல்லாமல் ஆடி ‘டக்’கென்று பல்லில் முட்டினால், உள்ளே இருக்கும் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, மென்பொருளில் இனி தேட வேண்டியதில்லை.