பிரிவுத் தலைப்புகள் கொண்ட நீண்ட பட்டியலை வேகமாக உருட்டும்போது தவறான எழுத்து தோன்றுவது ஏன்?

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய ஆண்ட்ராய்டு செயலி, பெயர்களை முதலெழுத்து வாரியாகத் தலைப்பிட்டு அடுக்குகிறது. ஓரத்தில் உள்ள பிடியை இழுக்கும்போது, நடப்புப் பிரிவின் எழுத்தைக் காட்டும் குமிழியில் ஓர் எழுத்தும் திரையில் வேறோர் எழுத்துக்குரிய பெயர்களும் வருகின்றன, உருட்டலும் தடுமாறுகிறது. இவ்விரண்டு குறைகளையும் பலர் அனிமேஷனில் தேடுவார்கள். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது, பிரிவுக்கும் வரிசை எண்ணுக்கும் இடையிலான கணக்கைத்தான்.

ஆண்ட்ராய்டில் பட்டியலைத் திரையில் காட்டும் கூறான லிஸ்ட்வியூ, செக்‌ஷன்இண்டெக்ஸர் என்ற இடைமுகம் வழியாக, தரவைப் பட்டியலுக்கு வழங்கும் அடாப்டரிடம் மூன்று விவரங்களைக் கேட்கிறது: பிரிவுகள் எவை, ஒரு பிரிவு எந்த வரிசையில் தொடங்குகிறது, ஒரு வரிசை எந்தப் பிரிவைச் சேர்ந்தது. கடைசிக் கேள்வி உருட்டும்போது ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து புரட்டி விடை தேடினால், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு (திரையை ஒருமுறை வரைவதற்கு) கிடைக்கும் சுமார் 16 மில்லிவினாடிகள் அதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே தரவு மாறும்போது மட்டும், திரையைத் தடுக்காமல் தனியே ஓடும் பின்னணித் திரெட்டில், பிரிவுகளின் தொடக்க எண்களை ஓர் அரேயில் (எண்களின் வரிசைப் பட்டியலில்) எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பும் ஒரு வரிசைதான் என்பதை இங்கே மறக்கக் கூடாது. முதல் பிரிவில் 3 பெயர்கள், இரண்டாவதில் 2 பெயர்கள் இருந்தால், தலைப்புகளையும் சேர்த்து முதல் மூன்று பிரிவுகளின் தொடக்கங்கள் 0, 4, 7 என அமையும்; தலைப்புகளை விட்டுவிட்டால் 0, 3, 5 என வந்து, கீழே போகப் போகப் பிழை பெருகும். வரிசை 5 எந்தப் பிரிவு என்று அறிய அந்த அரேயில் பைனரி தேடல் (ஒவ்வொரு படியிலும் பாதியை ஒதுக்கித் தேடுவது) போதும். ஜாவாவின் தேடல் செயற்கூறு, 5 அங்கே இல்லாததால், −3 என்று திருப்பித் தரும். அதன் குறியை மாற்றி 2-ஐக் கழித்தால் 1; எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால், அதாவது இரண்டாவது பிரிவு. புதிய பட்டியலையும் புதிய அரேயையும் ஒரே பொருளாகக் கட்டி, திரையை வரையும் முதன்மைத் திரெட்டில் ஒன்றாகவே மாற்றுங்கள்; ஒன்று பழையதாகவும் மற்றொன்று புதியதாகவும் இருக்கும் இடைவெளியில்தான் குமிழி பொய் சொல்லும்.

லிஸ்ட்வியூவுக்குப் பதிலாக ரிசைக்ளர்வியூ என்ற பட்டியல் கூறைப் பயன்படுத்துவோருக்கு வேலை சற்று அதிகம். அதனுடன் வரும் வேக உருட்டல் வசதி செக்‌ஷன்இண்டெக்ஸரைக் கேட்பதில்லை. குமிழியை நாமே வரைய வேண்டும். மேலும், அதில் வரிசைகளை அடுக்கும் லீனியர் லேஅவுட் மேனேஜர் திரையில் தெரியும் வரிசைகளின் சராசரி உயரத்தைக் கொண்டே மொத்த நீளத்தை மதிப்பிடுவதால், தலைப்புகளின் உயரம் பெரிதும் வேறுபட்டால் பிடி துள்ளும். இழுக்கும்போது அந்த மதிப்பீட்டை நம்பாமல், விரல் நிற்கும் பிரிவின் தொடக்க எண்ணுக்கே, ஆஃப்செட் (பட்டியலின் மேல் ஓரத்திலிருந்து இடைவெளி) 0 என்று கொடுத்து நேரடியாகத் தாவச் செய்வது நல்லது. ஆஃப்செட் தராமல் தாவினால், கீழ்நோக்கிச் செல்லும்போது தலைப்பு திரையின் அடியில் வந்து நின்றுவிடக்கூடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. யூனிகோடு எண்களின்படி வரிசைப்படுத்தினால் ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே வந்துவிடும். ன-வோ ந-வை அடுத்தே நின்றுவிடும். தமிழ் அகரவரிசைப்படி சொற்களை ஒப்பிடும் கொலேட்டரைக் கொண்டு வரிசைப்படுத்தி, வரிசையாக்கிய அதே பட்டியலிலிருந்தே பிரிவு எழுத்துகளையும் எடுங்கள். ஆண்ட்ராய்டு 7.0 முதல் ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தின் அகரவரிசை இண்டெக்ஸ் வகுப்பு இதற்காகவே அந்த இயங்குதளத்துக்குள் சேர்க்கப்பட்டுள்ளது.